கிரிக்கெட் ஹெல்மெட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நடக்கும் கோடைக்கால கிரிக்கெட் முகாம்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம் எவ்வளவு, காலை எத்தனை மணிக்குப் பயிற்சி, யார் கோச் என்று எல்லாம் விவரமாக இருந்தது. பிள்ளைகள் தலையில் எதை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

நான் காரைக்குடியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். ஒரு காயில் வயர் வாங்க வருகிறவர்கூட ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேட்டு, அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார். சரியான பழக்கம். அதே மனிதர் மகனுக்கு கிரிக்கெட் கிட் வாங்கும்போது நிறம் பார்க்கிறார், விலை பார்க்கிறார், அதோடு சரி.

பதினோரு வயதான என் தங்கை மகனுக்கு ஹெல்மெட் வாங்க அண்மையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போயிருந்தோம். தொழில் புத்தி, உள்ளே கையை விட்டு லேபிளைத் தேடினேன். ‘இன்டர்நேஷனல் குவாலிட்டி’ என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. தர எண் இல்லை, எந்த அளவுப் பந்துக்குச் சோதித்தது என்ற விவரமும் இல்லை. கேட்டதற்கு, “எல்லாரும் இதைத்தாண்ணே வாங்குறாங்க” என்றார் கடைக்காரர். சின்னப் பையன்கள் ஆடும் பந்து ஒன்றை வாங்கி, ஹெல்மெட்டின் நெற்றி விளிம்புக்கும் முகக்கம்பிக்கும் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். பந்து உள்ளே போய்விட்டது. பையனின் கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடம் அது.

கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கு இன்று பரவலாக ஏற்கப்பட்ட தரம், பி.எஸ். 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரம். முன்பு இருந்த 1998-ஆம் ஆண்டுத் தரத்தில், பந்து இந்த இடைவெளி வழியாகப் புகுமா என்ற சோதனை கிடையாது. புதிய தரத்தில் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, கருவியால் பந்தை வேகமாக அடித்துப் பார்க்கிறார்கள். பந்தும் முகத்தில் படக்கூடாது, கம்பி வளைந்து வந்தும் படக்கூடாது. அதனால் என்னைப் போலக் கடையில் நின்று விரலால் அழுத்திப் பார்த்து, பந்து போகவில்லை என்றால் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. வேகமாக வரும் பந்து விளிம்பை நெகிழ்த்திக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

பெற்றோருக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். வயது வந்த ஆண்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடை கொண்டது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பந்து 133 முதல் 144 கிராம், சுற்றளவும் குறைவு. பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளியில் சின்னப் பந்து புகுந்துவிடலாம். அதனால்தான் ஆண்கள் பந்துக்குச் சோதித்ததா, ஜூனியர் பந்துக்கா, இரண்டுக்குமா என்று லேபிளில் போடுகிறார்கள். “வளர்ற பையன்தானே, ஒரு சைஸ் பெரிசா எடுங்க” என்று சட்டை வாங்குகிற கணக்கில் ஹெல்மெட் வாங்குவது நம்மூரில் சாதாரணம். இந்த ஒரு பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

இன்னொன்று, பள்ளி, கிளப்புகளின் பொது ஹெல்மெட். வளைந்துபோன முகக்கம்பியை நிமிர்த்த என் கடைக்கே வந்து குறடு கேட்கிறார்கள். ஸ்குரூ தொலைந்தால் கையில் கிடைத்த ஸ்குரூ, கம்பி உடைந்தால் வேறு கம்பெனிக் கம்பி. ஹெல்மெட்டையும் அதன் கம்பியையும் சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லை. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கலாம். நம் பக்கம் சிமெண்ட் தரையில் மேட் விரித்து ஆடுகிறார்கள், பந்து நன்றாக எழும்பும். தலையில் அடி படுவது அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது.

2014 நவம்பரில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் இறந்தது நினைவிருக்கும். பந்து பட்டது ஹெல்மெட் மூடாத கழுத்தில். அதன் பிறகுதான் கழுத்துக் காப்பு பரவலானது. 2019-இல் அதற்கான சோதனையும் அதே பிரிட்டிஷ் தரத்தில் சேர்ந்தது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் பந்து தலையில் பட்டு இறந்த நம் நாட்டு வீரர் ராமன் லம்பா, அடி பட்டபோது பேட் பிடிக்கவில்லை, ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் நின்றிருந்தார். சர்வதேச ஆட்டங்களில் வேகப்பந்தை எதிர்கொள்பவர், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பர், பேட்ஸ்மேனுக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஃபீல்டர் ஆகியோருக்கு 2023 ஜூன் முதல் ஹெல்மெட் கட்டாயம். நம்மூர்ப் போட்டிகளிலோ கீப்பர் தொப்பியோடு நிற்கிறார். கேட்டால் வெயில் என்கிறார்கள். சித்திரை வெயில் எனக்கும் தெரியும்.

2021 ஜனவரி முதல் நாட்டில் பொம்மைகளுக்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. பைக் ஹெல்மெட்டுக்கும் அப்படித்தான். கிரிக்கெட் ஹெல்மெட்டையும் அந்தப் பட்டியலில் கொண்டுவரும்படி மத்திய அரசை நம் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை. மீரட்டிலும் ஜலந்தரிலும் தயாராகும் சரக்கில் பிரிட்டிஷ் சான்று பெற்றவையும் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆயிரக்கணக்கில் கொடுத்து பேட் வாங்குகிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளியும் போட்டி நடத்துவோரும் நல்லதாக நாலு வாங்கி வைக்கலாம். கோப்பையின் உயரத்தை ஒரு அடி குறைத்தாலே காசு வந்துவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முகாம் செய்தி போடும்போது, எந்தெந்த முகாமில் தரச்சான்று உள்ள ஜூனியர் ஹெல்மெட் கொடுக்கிறார்கள் என்பதையும் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால் போதும், பெற்றோர் கவனித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.