அன்று போனில் சொன்னது பொய்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் இரண்டு தரம் வீடியோவில் பார்த்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பாதி நேரம் பேரன் முகத்தைப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரம் உன் பக்கத்திலோ என் பக்கத்திலோ யாராவது இருக்கிறார்கள். அதுபோக, சில விஷயம் எழுதினால்தான் எனக்கு வரும். பேரேடு எழுதிப் பழகிய கை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டேகால் மணிக்கு நீ கூப்பிட்டாய். பயலைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் நின்றாய். "அம்மா, என்னைப் பெத்தப்போ நீயும் இப்படி அழுதியா?" என்று கேட்டாய். நான் தூக்கக் கலக்கத்தில், "அழவா? அதுக்கு எங்க நேரம் இருந்துச்சு?" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்த மாதிரி காட்டிவிட்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னது பொய்.

அழுதேன். நிறைய அழுதேன்.

1996 ஐப்பசியில் நீ பிறந்தாய். எனக்கு அம்மா இல்லை என்பதால் தாய்வீட்டுப் பிரசவம் என்ற பேச்சே எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சேரன்மகாதேவிக்கு, உங்கப்பாவைப் பெற்ற ஆச்சி வீட்டுக்குத்தான் வந்தேன். அடைமழை. உனக்கு ஒரு நாளைக்கு இருபது துணி ஆகும். அதில் பத்து காய்ந்தால் பெரிது. கரி அடுப்பில் சாம்பிராணி போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரப்பிக் காயவைப்பார்கள். வீடு முழுக்க ஈரத்துணி வாடையும் சாம்பிராணியும் பூண்டு வதக்குகிற வாசனையுமாகக் கிடக்கும். இப்போதும் சாம்பிராணிப் புகை பட்டால் எனக்குக் குறுக்கு வலிக்கிற மாதிரி இருக்கும்.

அழுகைக்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நீ ஏப்பம் விடவில்லை என்றால் அழுகை. விட்டாலும் அழுகை. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடை பிடித்துப் போனால் அழுகை. உங்கப்பாவுக்கு அப்போது தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கட்கிழமை விடியக்காலம் பஸ் ஏறிவிடுவார். அவரைக் கண்டால் கூடக் கொஞ்சம் வரும். ஆச்சி ஒரு தடவை பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவ அழுதா பால் வத்திரும்ளா" என்றார்கள். அன்றிலிருந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழப் பழகிக்கொண்டேன்.

வேலையும் போயிருந்தது. நான் கணக்கு எழுதிய இடத்தில் "பெத்துட்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார்கள். திரும்பப் போனால் என் நாற்காலியில் வேறொரு பெண். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 12 வாரம் விடுப்பு என்று 1961லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். உனக்கு 26 வாரம். 2017ல் மாற்றினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பார்த்துவரலாம் என்பதும் அதில் உண்டு. உன் ஆபீசில் கேட்டாயா? கேள். அது யாரும் உனக்குப் போடுகிற பிச்சை இல்லை.

சரி, இந்தக் கடிதத்தோடு பார்சலில் ஒரு ஒயர் கூடை வருகிறதே, அதன் கதைக்கு வருகிறேன்.

எதிர்வீட்டு மதினியை உனக்கு நினைவிருக்கும். ஒயர் அத்தை என்று கூப்பிடுவாய். மார்கழி பிறந்த சமயம், ஒரு மத்தியானம் உன்னைப் பார்க்க வந்தார். என் கண்ணைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பச்சையிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு ஒயர் ரோலும் ஒரு கத்தரிக்கோலும் எடுத்துவந்தார். "கை சும்மா இருந்தா மனசு கண்ட இடத்துக்கும் போகும். இந்தா பிடி" என்றார்.

ரோலைப் பிரித்தால் ஒயர் சுருள் சுருளாகத் துள்ளிக்கொண்டு வரும். ஒரே அளவில் வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு துண்டை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை விட்டு இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு உட்காரும். சாதா முடிச்சு. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒயர் சேர்த்துக்கொண்டே போனால் அடி வளரும். அடி முடிந்ததும் மூலையை மடக்கி, ஓடுகிற ஒயரைச் சுற்றிக்கொண்டு மேலே எழுப்ப வேண்டும். கேட்க லேசாக இருக்கிறதா? முதல் நாள் எட்டு முடிச்சுப் போட்டேன். ஆள்காட்டி விரலில் ஒயர் அறுத்துக் கோடு விழுந்துவிட்டது. மறுநாள் உன் பழந்துணியில் ஒரு கிழிசலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டேன். ஒரு முடிச்சைத் திருப்பிப் போட்டுவிட்டால் வரிசையில் அது மட்டும் கோபித்துக்கொண்ட நாத்தனார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அவிழ்ப்பதா விடுவதா என்று அரை மணி நேரம் யோசிப்பேன். அந்த அரை மணி நேரம் வேறு எதையும் யோசிக்கவில்லை என்பது பிறகுதான் உறைக்கும்.

கூடையில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், நீ அழுதால் பாதி முடிச்சில் அப்படியே போட்டுவிட்டு எழுந்திரிக்கலாம். திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். சமையலை அப்படி விட முடியாது. துவைத்த துணி சாயங்காலத்துக்குள் திரும்ப அழுக்காகிவிடும். அந்த வீட்டில் அன்றைக்கு நான் செய்ததில் மறுநாள் காலையில் அப்படியே இருந்தது அந்த ஒரு சாண் கூடைதான்.

முதல் கூடை முடிய ஒன்றரை மாதம் ஆனது. வலது பக்கம் ஒரு வரிசை கூடி, கோணலாகச் சாய்ந்து நின்றது. ஒளித்து வைத்திருந்தேன். ஆச்சி எப்படியோ கண்டுபிடித்து, மறுநாள் காலையில் அதையே எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினார்கள். "கோணலா இருக்கு அத்தை" என்றேன். "இருந்தா என்ன, கத்திரிக்காய்க்குத் தெரியவா போகுது?"

ஆச்சியைப் பற்றி உனக்கு நான் குறையாகத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். சொன்னதில் பொய் இல்லை, அவர்கள் வாய் அப்படித்தான். ஆனால் சொல்லாமல் விட்டதும் உண்டு. விடியக்காலம் நாலு மணிக்கு, ஒரு நாள் தவறாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். உன்னை என் பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு, "நீ கிட" என்று ஒரு சொல். ஏழு மணி வரைக்கும் நான் தூங்குவேன். அதற்குள் உன்னை நீட்டிய காலில் போட்டுக் குளிப்பாட்டி, புகை காட்டி, பொட்டு வைத்து, துணி மூட்டையைக் கன்னடியன் கால்வாயில் அலசியும் வந்திருப்பார்கள். அறுபது வயது மனுஷி. அந்த மூன்று மணி நேரத் தூக்கம் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளும் நன்றி என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "என்ன, ஊருக்குக் கிளம்புதியா?" என்று கேட்டிருப்பார்கள்.

அந்தக் கோணல் கூடை ஆச்சி போகும்வரை வெங்காயம் சுமந்தது. அப்புறம் மதினி சிவன் கண், நெல்லிக்காய் என்று மற்ற முடிச்செல்லாம் சொல்லித் தந்தார். நீ ஒன்றாம் வகுப்பு போகிறவரை கூலிக்குப் போட்டேன். உன் முதல் பள்ளிக்கூடப் பை அந்தக் காசு. நடுவில் கூடை தூக்கினாலே பட்டிக்காடு என்று சிரித்த காலம் ஒன்று வந்தது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும், சிரித்த அதே ஆட்கள் "அக்கா, ரெண்டு ரோல்ல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று வந்தார்கள். ஒயரும் பிளாஸ்டிக்தான், ஆனால் பத்து வருஷம் உழைக்கிற பிளாஸ்டிக் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு, அம்மா கூடை பின்னச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை நிறையப் பேருக்கு வருகிறதுதான், தானாகவே குறைந்துவிடும் என்று இங்கே கிராம சுகாதார நர்ஸ் சொன்னார். இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதற்கு வைத்தியம் இருக்கிறது, பால் கொடுக்கிறவர்களுக்கும் பார்த்துத்தான் தருவார்கள் என்றும் சொன்னார். உனக்கு நூறு நாள் தாண்டிவிட்டது. எனக்கு அந்தக் காலத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. என் நல்ல நேரம், எதிர்வீட்டில் ஒரு மதினியும் வீட்டுக்குள் ஒரு மாமியாரும் இருந்தார்கள். உன் பிளாட்டில் எதிர்க்கதவு யாருடையது என்றே உனக்குத் தெரியாது. அதனால் தடுப்பூசிக்குப் போகும்போது பயலைக் காட்டுகிறதோடு உன்னையும் காட்டு. மாப்பிள்ளையிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லவா? அவர் நல்ல பிள்ளை. ஆனால் சொன்னால்தான் தெரியும். உங்கப்பாவும் அப்படித்தான், இன்றுவரைக்கும்.

பெரியத்தை போன் போட்டு, வசம்பு உரைத்துக் கொடு, நாக்கில் தேன் தடவு என்றாளாமே. சரி அத்தை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் ஆகாது. உனக்கு இதெல்லாம் கொடுத்தோம், உண்மைதான். கொடுத்ததால் நீ நன்றாக வளரவில்லை, கொடுத்தும் வளர்ந்தாய். அவ்வளவுதான்.

பார்சலில் இருப்பதைச் சொல்கிறேன். ஊதாவும் மஞ்சளும் கலந்தது பயல் துணிக்கான கூடை. அதற்குள் ஒரு விரிப்பு. ஆச்சியின் சுங்குடிச் சேலை, என் இரண்டு பருத்திச் சேலை, மூன்றையும் அடுக்கிக் கையால் நூலோட்டம் போட்டது. வெந்நீரில் அலசி இரண்டு வெயில் கண்டது, பயப்படாமல் போடு. ஆனால் அவன் முழித்திருக்கும்போது கவிழ்ந்து விளையாடத்தான். தூங்க வைக்கும்போது டாக்டர் சொன்னபடி கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் போடு. சுற்றித் தலையணை, துணி எதுவும் வேண்டாம். தூளிச் சேலை கேட்டாய், அனுப்பவில்லை. உன் வீட்டுக் கூரையில் கொக்கியும் இல்லை, அந்த டாக்டரோடு எனக்குச் சண்டையும் வேண்டாம்.

பத்தமடையில் ஒரு சின்னக் கோரைப்பாயும் வாங்கினேன். சாதாப் பாய்தான். பட்டுப்பாயும் பார்த்தேன். கோரையை நாள்கணக்கில் ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி கீறி நெய்கிறார்கள். துணிபோல மடிகிறது. அதன்மேல் உன் பயல் ஒன்றுக்குப் போனால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். அதனால் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு எனக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா தனியாகச் சமாளிப்பார். ரசம் வைக்கத் தெரியும், அது போதும். வந்தால் விடியக்காலம் நாலு மணிக்குக் கதவைத் தட்டுவேன். பயலை என்னிடம் கொடுத்துவிட்டு நீ கிட.

கூடைக்கு அடியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மூடியில் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். இருந்தாலும் பஸ்காரர்கள் எப்படிப் போடுவார்களோ. பார்சல் வந்ததும் விரிப்பை முதலில் வெளியே எடுத்துவிடு.

இப்படிக்கு,
அம்மா