இடது கையைப் பாக்கெட்டில் வை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கேட்ட கேள்விதான். "பையன் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கீபோர்டு வாசிக்கப் போகிறானாம். சொந்தமாக ஒரு பேண்டு இல்லை, ஒரு பாட்டு இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிப்பதுதான் வேலையாம். இப்படியும் ஒரு பிழைப்பா?" என்று எழுதியிருக்கிறாய். இருபது வருடம் உன் நண்பன் வயிறு வளர்த்தது அந்தப் பிழைப்பில்தான் என்பது எழுதும்போது உனக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. சரி, கோபமில்லை.

என் கதை கிடக்கட்டும். டான் ஏரி என்று ஒருவர் இருக்கிறார். நம் ஊர் ஏரி இல்லை, கீபோர்டு வாசிக்கும் இங்கிலாந்துக்காரர். பேரைக் கேட்டால் உனக்குத் தெரியாது. ஆனால் வாசிப்பைக் கேட்டிருக்கிறாய். கல்லூரி நாளில் ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் 'மிஸ்டர் க்ரௌலி'யைத் தேயத்தேயக் கேட்டோமே, அதில் பாட்டு தொடங்குமுன் சர்ச் ஆர்கன் மாதிரி கனமாக ஒன்று வருமே, 1980-இல் அதை வாசித்தவர் அவர்தான். அந்த ஆரம்பம் இல்லாமல் அந்தப் பாட்டை யாராவது நினைக்க முடியுமா? ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்று ஓஸி, ராண்டி ரோட்ஸ், பாப் டெய்ஸ்லி என மூன்று பெயர்தான் போட்டிருக்கும். ஏரியின் பெயர் வாசித்தவர்கள் வரிசையில். வந்தார், வாசித்தார், போனார்.

அவர் போன இடங்களைப் பார், எல்லாம் பெரிய ராக் பேண்டுகள். 1978-இல் பிளாக் சப்பாத்தின் ஆல்பம். அடுத்து ரிச்சி பிளாக்மோரின் ரெயின்போ. 1987-இல் ஒயிட்ஸ்நேக் ஆல்பம், அதே வருடம் ஜெத்ரோ டல்லோடு டூர். 1990-இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட். இவ்வளவும் பார்த்துவிட்டு ஆளை ஹெவி மெட்டல்காரர் என்று எடைபோட்டால், ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில், 1997-இல், கத்ரீனா அண்ட் தி வேவ்ஸ் பாட்டுக்கு ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டு நிற்கிறார். பிரிட்டன் ஜெயித்தது. முறையாகப் பியானோ படித்தவர், நோட்ஸ் எழுதத் தெரிந்தவர், அதனால் அங்கேயும் கூப்பிட்டார்கள். உன் பையனிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: எழுதிக் கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பானா? காதில் கேட்டு வாசிப்பவன் நூறு பேர் கிடைப்பான். இரண்டும் தெரிந்தவனுக்குத்தான் போன் வரும்.

என் முதல் ரெக்கார்டிங் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை, வெட்கம். கார்ட்ஸ் (chords), அதாவது எந்த இடத்தில் எந்த ஸ்வரக்கூட்டு என்று மட்டும் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். நான் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். இரண்டு கையும் பறக்கிறது. பாதியில் பாட்டு நின்றது. ஹெட்ஃபோனில் ஒரு குரல், கோபமே இல்லாமல்: "தம்பி, இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வாசி." பேஸ் கிடார்காரர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழ் ஸ்வரங்கள் அவருடைய இடம், அதில் என் இடது கை ஏறி மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது. நிஜமாகவே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வாசித்தேன். அந்த டேக்தான் ஓகே ஆனது. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்கிறவனுக்கு இந்தப் பாடம் கிடைக்கவே கிடைக்காது. தனியாக இருக்கும்போது எல்லா இடமும் அவனுடையதுதானே.

மேடை வேறு கதை. ஒரு டூரில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு பாட்டை மட்டும் அரைக் கட்டை இறக்கச் சொன்னார். கீபோர்டு முழுவதன் சுருதியையும் மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன், முடிந்தது. அடுத்த பாட்டை நான் மட்டும் தனியாகத் தொடங்கவேண்டும். பட்டனைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். நான்கு பார் (தாளச் சுற்று) அழகாகப் போயிற்று, கூட்டம் கைதட்டியது. ஐந்தாவதில் மொத்த பேண்டும் சேர்ந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அதற்குப்பிறகு அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. எந்த ஸ்கேலாக இருந்தாலும் விரலால்தான் மாற்றுவேன்.

ஆர்கன் விஷயத்தையும் அவனிடம் கேள். பியானோ தெரிந்தால் ஆர்கனும் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஹேமண்ட் என்கிற எலெக்ட்ரிக் ஆர்கனில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். ஏற்ற இறக்கமெல்லாம் வலது காலால் மிதிக்கும் பெடலில் இருக்கிறது. ஒலியை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடல் கிடையாது, கையை எடுத்த நிமிடம் ஒலி அறுந்துவிடும். அதனால் ஒரு விரலை அழுத்தியபடியே அதன் இடத்தில் இன்னொரு விரலை நுழைத்து, ஊர்ந்து ஊர்ந்து போகவேண்டும். ஒலியின் நிறத்தை மாற்றும் டிராபார் என்கிற பிடிகள் வேறு இருக்கின்றன, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுக்கவும் தள்ளவும். ஆறு மாதம் உட்கார்ந்தால்தான் கைக்கு வரும்.

டீப் பர்ப்பிள் என்ற ராக் பேண்டில் கீபோர்டு வாசித்த ஜான் லார்ட் அந்த ஹேமண்டை கிடாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி உறுமவிட்டவர். அவருக்கு 2001-இல் முழங்காலில் அடிபட்டபோது பதிலுக்குப் போய் வாசித்தவர் நம் ஏரி. 2002-இல் லார்ட் விலகியதும் அந்த நாற்காலி இவருக்கே வந்தது. யோசித்துப் பார், கூட்டத்தில் பாதிப்பேருக்கு லார்டின் சோலோ ஸ்வரம் ஸ்வரமாக மனப்பாடம். அப்படியே வாசித்தால் நகல் என்பார்கள், மாற்றினால் யார் இவன் என்பார்கள். அதில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். 2016-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் டீப் பர்ப்பிளைச் சேர்த்தார்கள். கௌரவிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஏரி இல்லை. அன்றைக்கு மேடையில் கீபோர்டு வாசித்தது மட்டும் அவர்தான்.

இதைக் கேட்டால் உனக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கு அவ்வளவு கொதிக்கவில்லை, அதுதான் நம் இரண்டு பேருக்கும் வித்தியாசம். உன் பையன் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியவில்லை. கைதட்டலைத் தேடிப் போகிறான் என்றால் தடுத்துவிடு. பணமும் சீராக வராது. டூர் நடக்கும்போது மூச்சுவிட நேரமிருக்காது, முடிந்த மறுநாளிலிருந்து போன் ஊமையாகிவிடும். இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. நான் இறங்கினேன், கடன் கொடுத்தவன் நீதான்.

ஒன்று செய். அவன் தனியாகப் பிளந்துகட்டும் வீடியோக்களை அனுப்பாதே, அதைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. யாராவது பாட, இவன் பின்னால் வாசித்த ஏதாவது இருந்தால் அனுப்பு. மோசமான ரெக்கார்டிங்காக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு நேராக அவனிடமே பேசுகிறேன், நீ நடுவில் வராதே.

அப்புறம், உன் பழைய சஸ்டெயின் பெடல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கீச்சென்று சத்தம் போடுகிறது, ஆனால் வேலை செய்கிறது. அவனுக்கு வேண்டுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
முரளி