ஐசனைப் பற்றிக் கொஞ்சம், பிறந்தநாள் சமையல் கொஞ்சம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாடி ரூம் பூட்டியேதான் இருக்கிறது, வாடகைக்கு விடவில்லை. அத்தை விஷயம் நீ நினைத்த மாதிரியே முடிந்தது. உன்னை டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லியிருந்தால் நாற்பது பேரிடம் சொல்லியிருப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

'ஃப்ரீரென்' என்ற ஜப்பானிய அனிமே தொடரில் வரும் கிழட்டு வீரன் ஐசனை நீ ஒரே வரியில் தள்ளிவிட்டாய்: கல்நெஞ்சக்காரன், வளர்த்த பையன் ஸ்டார்க்கை அடித்துத் துரத்தியவன். 2023 செப்டம்பரில் தொடங்கின அந்த முதல் சீசன், 28 எபிசோடையும் மறுபடி பார்த்து முடித்தேன். துரத்தவில்லை, பாப்பா. வாக்குவாதத்தில் ஓர் அடி விழுந்தது நிஜம். ஸ்டார்க் தானாகத்தான் கிளம்பிப் போனான். தான் கோழை என்பதால் குருவுக்கு வெறுத்துவிட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். ஐசன் தன் பழைய தோழி, மந்திரவாதி ஃப்ரீரெனிடம் சொன்ன காரணம் வேறு: அந்தப் பையனைப் பார்த்து பயந்துவிட்டேன், கை தானாக எழுந்துவிட்டது, அவன் பெரிய வீரனாக வருவான். சாட்சாத் அந்த ஐசன்! அரக்க ராஜாவை வீழ்த்திய கூட்டத்தின் முன்வரிசை வீரன்!

அவனிடமே சொல்லியிருக்கலாமே என்பாய். அதே கூட்டத்துப் பாதிரியார் ஹைட்டராக இருந்தால் சொல்லியிருப்பார், அவருக்கு வாய் உண்டு. தான் வளர்த்த பெண் ஃபெர்னை மாணவியாகச் சேர்த்துக்கொள் என்றதும் ஃப்ரீரென் மறுத்துவிட்டாள். உடனே ஒரு பழைய மந்திர நூலை விளக்கித் தரச் சொல்லி வீட்டிலேயே வருஷக்கணக்கில் உட்கார வைத்தார், அந்தச் சாக்கில் பெண்ணுக்குப் பாடமும் நடந்தது. ஐசனுக்கு இந்த சாமர்த்தியமெல்லாம் கிடையாது. கோடாரி வீசும் வயசு தாண்டிவிட்டது என்று சொல்லி, ரீகல் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்டார்க்கிடம் ஃப்ரீரெனை அனுப்புகிறான். மனசில் இருந்தது அவள் வாய் வழியாகத்தான் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. நானும் அத்தையிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தேன். சொன்னாளா?

கற்றுக்கொடுத்ததில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்டார்க் மலைச்சுவரில் கோடாரியை வீசி வீசி எவ்வளவு பெரிய பிளவு விழுந்திருக்கிறது, அதைப் பார். மூன்று வருஷம் அந்தப் பள்ளத்தாக்கு ஊரை டிராகனிடமிருந்து காத்தவன், தான் பயத்தில் உறைந்து நின்றதைத்தான் ஊர் வீரம் என்று நினைத்தது என்று கூசிப்போகிறான். ஐசனுக்கும் சண்டைக்கு முன்னால் கை நடுங்கும், அந்த பயம்தான் தன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்பான். ஃப்ரீரென் 30 விநாடி டிராகனைத் தாங்கிப் பிடி என்கிறாள். இவன் அடியிலேயே அது செத்துவிட்டது, அது தெரியாமல் இன்னுமா 30 விநாடி ஆகவில்லை என்று கத்துகிறான். அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அதற்குப் பிறகும் அவன் திரும்பிப் போய் நாலு வார்த்தை பேசவில்லை. வழியில் பார்ப்பதையெல்லாம் ஒருநாள் குருவிடம் கதையாகச் சொல்ல வேண்டும் என்று கிளம்புகிறான். நல்ல எண்ணம்தான். கிழவன் அதுவரை காத்திருக்க வேண்டுமே. சரி, அதை விடு.

நான் எழுத உட்கார்ந்தது 12வது எபிசோடுக்காக. ஸ்டார்க்குக்கு 18 வயசு நிறையும் நாளில் ஃப்ரீரென் ஒரு ராட்சச ஹம்பர்க் செய்து வைப்பாள், கொத்துக்கறியைத் தட்டிச் சுடுவது அது. பாடுபட்ட வீரனுக்குக் கொடுப்பது, ஐசன் பழக்கம். உன் பிறந்தநாள் வருகிறது. நீயே செய்துகொள், ஓட்டலில் வாங்காதே.

ஜப்பானில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலப்பார்கள். நீ 600 கிராம் கோழிக் கொத்துக்கறி வாங்கு, தொடைக்கறியாக. நெஞ்சுக்கறி வறண்டுவிடும். ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பொன்னிறமாக வதக்கி, முழுக்க ஆறவிடு. சூட்டோடு போட்டால் கொழுப்பு உருகி, கறி ஒட்டாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியில் முதலில் உப்பு மட்டும், தலைதட்டி ஒரு டீஸ்பூன், போட்டுப் பிசை. பிசுபிசுவென்று இழுக்க ஆரம்பித்த பிறகுதான் வெங்காயம், ஒரு முட்டை, ஆறு ஸ்பூன் பாலில் ஊறிய ஒரு கப் ரொட்டித்தூள், மிளகு. இந்த வரிசையை மாற்றினால் வாணலியில் உதிரும், பிறகு என்னைக் குறை சொல்லாதே.

கையில் எண்ணெய் தடவி, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்று. உள்ளே காற்று நின்றால் வேகும்போது வெடிக்கும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். நடுவில் குழி அழுத்து, அந்த இடம்தான் உப்பும். மிதமான தீயில் பக்கத்துக்கு நாலு நிமிஷம். பிறகு கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, சிறு தீயில் 15 நிமிஷம். பெரிசாகச் செய்தால் வெளியே கருகி நடுவில் பச்சையாக நிற்கும், எல்லோரும் தோற்பது அங்கேதான். நடுவில் குச்சி குத்திப் பார், தெளிந்த சாறு வர வேண்டும். சிவப்பாக வந்தால் மறுபடி மூடு. கொத்துக்கறி உள்ளே வேகாமல் இருந்தால் வயிற்றுக்கு ஆகாது.

தெர்மாமீட்டர் ஒன்று பார்சலில் வைத்திருக்கிறேன். நடுவில் 75 டிகிரி காட்டி ஒரு நிமிஷம் நிற்கட்டும். முகவரி பழையதுதானா என்று மட்டும் அத்தையிடமாவது சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கறி வெந்தபின் வாணலியில் மிஞ்சும் தண்ணீரைக் கொட்டிவிடாதே. மூன்று ஸ்பூன் கெச்சப், ஒரு ஸ்பூன் சோயா சாஸ், கொஞ்சம் வெண்ணெய் சேர்த்துச் சுண்டவிட்டால் அதுதான் சாஸ். சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது, மேலே போடாதே.