பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஹாலிவுட் கட்டுரையில், ‘காசாபிளாங்கா’ வந்ததும் ஹம்ஃப்ரி போகார்ட் ராத்திரியோடு ராத்திரியாக நட்சத்திரமாகிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படம் 1942-இல் வந்தது. அதற்குள் அவர் ஹாலிவுட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது!

1920-களில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பணக்கார வீட்டுப் பிள்ளை வேடங்களில் காலம் தள்ளியவர் அவர். 1930-இல் ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் படக் கம்பெனி கூப்பிட்டது. சில படங்களோடு கழற்றிவிட்டார்கள். மறுபடியும் நியூயார்க், மறுபடியும் நாடகம்.

1935-இல் ‘தி பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்’ நாடகத்தில் டியூக் மேண்டி என்கிற கொலைகாரன் வேடம் கிடைத்தது. வார்னர் பிரதர்ஸ் அதைப் படமாக்கியபோது, அந்த வேடத்துக்கு எட்வர்ட் ஜி. ராபின்சனைப் போடத்தான் நினைத்தார்கள். கதாநாயகன் லெஸ்லி ஹோவர்ட் விடவில்லை. போகார்ட் இல்லையென்றால் நானும் இல்லை என்று தந்தியே அடித்துவிட்டார். 1936-இல் வந்த அந்தப் படத்தில் போகார்ட் நிற்கிற நிலையைப் பாருங்கள்: முள்தாடி, மடங்கிய முழங்கைகள், இப்போதுதான் விலங்கைக் கழற்றிவிட்டது போல முன்னால் தொங்கும் கைகள். ஹோவர்ட் செய்ததை அவர் மறக்கவில்லை. 1952-இல் பிறந்த மகளுக்கு லெஸ்லி என்றே பெயர் வைத்தார்.

சரி, அப்புறமாவது விடிந்ததா? இல்லை. அடுத்த நாலைந்து வருஷம் பெரும்பாலும் ஜேம்ஸ் காக்னி, ராபின்சன் என்கிற நட்சத்திரங்களுக்குப் பின்னால் நின்று, கடைசி ரீலில் சுடப்பட்டுச் சாகிற வேலைதான். 1939-இல் ‘தி ரிட்டர்ன் ஆஃப் டாக்டர் எக்ஸ்’ படத்தில், தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்றும் கையில் ஒரு முயலுமாக, ரத்தம் தேடி அலையும் பிணமாகக்கூட நடித்தார். பார்த்தால் பாவமாக இருக்கும்.

கதவைத் திறந்துவிட்டவர் ஜார்ஜ் ராஃப்ட் என்கிற இன்னொரு நடிகர், அதுவும் தெரியாமலே. ‘ஹை சியரா’ வேண்டாம் என்றார்; போகார்ட்டுக்கு வந்தது. 1941 ஜனவரியில் வெளியான அந்தப் படத்தில்கூட நடிகர் பட்டியலில் முதலிடம் நடிகை ஐடா லுபினோவுக்குத்தான். அதே வருஷம் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தையும் ராஃப்ட் தட்டிக் கழித்தார். இயக்குநர் ஜான் ஹூஸ்டனுக்கு அது முதல் படம்; புது ஆளை நம்பி இறங்க ராஃப்ட்டுக்கு மனமில்லை. அதுவும் போகார்ட்டுக்கே வந்தது. என்னைக் கேட்டால் போகார்ட் நட்சத்திரமானது இந்தப் படத்தில்தான். ‘காசாபிளாங்கா’ அதற்கடுத்த வருஷத்துக் கதை.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருந்தீர்கள். அதில் ராஃப்ட்டுக்கும் நாலு வரி ஒதுக்கச் சொல்லுங்கள்.

— நெடுநாள் வாசகன், கும்பகோணம்