முடியும் நேரத்தையும் அச்சிடுங்கள்: சென்னை நாடகக் குழுக்களுக்கும் சபா செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற சனி, ஞாயிறு இரண்டு நாளும் கல்லூரித் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டு நாடகம் பார்த்தோம். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு திசையில் வீடு, ஆளுக்கொரு வழிபாடு. மாதத்தில் ஒரு வாரக்கடைசியில் மட்டும் எப்படியாவது ஒன்றுகூடிவிடுவோம். கூடுகிற இடம் பெரும்பாலும் உங்கள் அரங்கம்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பிரதோஷம். கபாலீசுவரர் கோயிலில் நந்திக்கு அபிஷேகமும் தீபாராதனையும் பார்த்துவிட்டு, நெற்றித் திருநீறு காய்வதற்குள் ஆட்டோ பிடித்து 6.25க்கு அரங்க வாசலில் இறங்கினேன். அழைப்பிதழில் மாலை 6.30 என்று இருந்தது. மூன்றாவது மணி அடித்தபோது மணி 7.15. சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லையாம். அதை மேடையிலிருந்து யாரும் சொல்லவில்லை; பின்வரிசையில் பேசிக்கொண்டதை வைத்துத் தெரிந்துகொண்டோம். இடைவேளைக்குப் பிறகு பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை என்று இன்னும் அரை மணி நேரம் போனது.

எங்களில் ஒருத்தி, சூரியன் மறைந்ததும் தொழும் மஃக்ரிப் தொழுகையைத் தொழ வேண்டும். சென்னையில் சூரியன் நவம்பரில் 5.40 வாக்கிலும் ஜூலையில் 6.40 வாக்கிலும் மறைகிறது. ஆக, வருடத்தில் பெரும்பகுதி உங்கள் ஆறரை மணிக் காட்சி அந்தத் தொழுகை நேரத்தை ஒட்டியே வருகிறது. அதற்காக நேரத்தை மாற்றச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அவளுக்கு முழுதாக முக்கால் மணி நேரம் இருந்தது. ஆனால் திரை எந்த நிமிடமும் விலகலாம் என்று இருக்கையை விட்டு எழாமலே இருந்துவிட்டாள். "வீட்டுக்குப் போய்க் களாத் தொழுதுக்குவேன், விடு" என்றாள்; நேரம் தவறிய தொழுகையைப் பிறகு தொழுவதுதான் களா. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொருத்திக்குச் செங்கல்பட்டு வண்டி. விடிந்தால் ஞாயிறு முதல் பூசையில் பாடகர் குழுவில் நிற்க வேண்டியவள். 9.20 வரை கைப்பேசியைத் துப்பட்டாவுக்குள் மறைத்து மறைத்து நேரம் பார்த்தாள். பிறகு குனிந்தபடியே எழுந்து போனாள். நாடகம் 9.50க்கு முடிந்தது. பத்து மணிக்கு ரயிலிலிருந்து ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "கடைசியில அந்த அம்மா கதவைத் திறந்தாளாடி?"

திறக்கவில்லை. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். விரல்கள் மட்டும் வெளிச்சத்தில் இருந்தன, பிறகு அவையும் மறைந்தன. இரண்டு மணி நேரம் அந்த நடிகை கட்டிக்கொண்டு வந்த எல்லாம் அந்தக் கையில் இருந்தது. அதை நான் எப்படித் தட்டச்சு செய்து அனுப்புவது? "இல்லடி" என்று மட்டும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய குழு, மாடியில் சின்னக் கூடம். அறிவிப்பிலேயே "90 நிமிடம், இடைவேளை கிடையாது, 6.45க்குக் கதவு சாத்தப்படும்" என்று போட்டிருந்தார்கள். தோழி வாசலில் நின்ற பையனிடம் தொழ இடம் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் நடைவழியில் இருந்த ஒப்பனைப் பெட்டியை ஓரமாக இழுத்துவிட்டு இடம் காட்டினான். துப்பட்டாவை விரித்துத் தொழுதுவிட்டுக் கதவு சாத்தும் முன் வந்து உட்கார்ந்தாள். 8.15க்கு முடிந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் படிக்கட்டில் நின்று நடிகர்களோடும் எங்களுக்குள்ளும் பேசித் தீர்த்தோம். நாடகம் பார்ப்பதில் பாதிச் சுகம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. தாமதமாகத் தொடங்கும் காட்சி முதலில் விழுங்குவது அதைத்தான்.

நாடகத்துக்கும் வழிபாட்டுக்கும் நம் மண்ணில் பழைய உறவு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் ஆட ஒரு சாந்திக்கூத்தருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று இரண்டாம் இராஜேந்திரன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்ன திருவிழாவில் ஆட வேண்டும் என்பது கூலியோடு சேர்ந்தே வந்தது. திரௌபதி அம்மன் கோயில் கூத்து விடிய விடிய நடக்கிறது. ஆனால் பாயும் போர்வையுமாக வந்து உட்காரும் பாட்டிக்குக்கூட அது விடியலில் முடியும் என்று தெரியும். அதனால் யாரும் பாதியில் எழுந்து ஓட வேண்டியதில்லை. நீளம் எப்போதுமே குற்றமாக இருந்ததில்லை. எப்போது முடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் சிரமம்.

நீங்களும் பலர் எங்களைப் போல வாரம் முழுக்க அலுவலகம் போகிறவர்கள்தான். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழி அது. ராத்திரி பத்துக்கு மேல் ஒத்திகை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்கு எங்கள் அவசரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அழைப்பிதழில் தொடங்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே முடியும் நேரத்தையும் அச்சிடுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரையை விலக்குங்கள், யார் வராவிட்டாலும். புரவலர்கள் இல்லாமல் குழு நடத்த முடியாது என்பது தெரியும். அவர்களுக்கான மரியாதையை நாடகம் முடிந்தபின், நடிகர்கள் ஒப்பனையோடு மேடையில் நிற்கும்போது செய்யுங்கள். இருக்க முடிந்தவர்கள் எல்லோரும் இருந்து கைதட்டுவோம். தவிர்க்க முடியாத தாமதம் என்றால் ஒருவர் திரைக்கு முன்னால் வந்து "இன்னும் இருபது நிமிடம்" என்று சொன்னால் போதும். அந்த இருபது நிமிடத்தில் என் தோழி தொழுதுவிட்டு வந்துவிடுவாள்.

அடுத்த மாதம் உங்கள் புது நாடகம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். செங்கல்பட்டுக்காரி இப்போதே தயங்குகிறாள். அழைப்பிதழில் "மாலை 6.30 முதல் 8.45 வரை" என்று மட்டும் இருக்கட்டும், அவளுக்கும் சேர்த்து நான்கு டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நடுவரிசைப் பார்வையாளர்களில் ஒருத்தி