கிராமத்து ஓட்டும் அமெரிக்கக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் என்றாலே ‘கிராமங்கள்தான் தீர்மானித்தன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தங்கள் நடுப்பக்கக் கட்டுரையும் அப்படித்தான் முடிகிறது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே கிராமவாசிகள் ஐந்தில் ஒரு பங்குதான். அவர்களிலும் பெரும்பாலானோரின் ஓட்டு முடிவை அசைப்பதில்லை. கலிபோர்னியாவின் கிராமப்புறங்களில் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வயோமிங் மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் 6 லட்சம் தேறாது. இரண்டு இடத்திலும் முடிவு முன்பே தெரிந்ததுதான். கிராமம் என்றாலே குடியரசுக் கட்சி என்பதும் சரியல்ல. மக்களில் பாதிக்கு மேல் கிராமவாசிகளான வெர்மான்ட், 1992 முதல் ஜனநாயகக் கட்சிக்கே போகிறது.

கிராமத்துக்குக் கனம் கூடுவது விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற இழுபறி மாநிலங்களில். நம் சட்டமன்றத் தேர்தலில் பென்னாகரத்தில் கூடுதலாக விழும் ஓட்டு மயிலாப்பூர் வேட்பாளருக்கு உதவாது. அமெரிக்காவிலோ மெய்ன், நெப்ராஸ்கா தவிர ஒவ்வொரு மாநிலமும் ஒரே தொகுதி மாதிரி; கிராமத்து ஓட்டும் நகரத்து ஓட்டும் ஒரே கணக்கில் சேரும். ஓர் ஓட்டு முந்தினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் வாக்குகள்) அத்தனையும் முந்தியவருக்கே. ஆகவே கிராமத்தில் ஜெயித்தாக வேண்டும் என்பதில்லை. எவ்வளவில் தோற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

விஸ்கான்சினில் 2016-ல் பதிவானது ஏறத்தாழ 30 லட்சம் ஓட்டு. டிரம்ப் முந்தியது 22,748-ல். 2020-ல் பைடன் முந்தியது 20,682-ல். கிராமப்புறத்தின் பங்கு 10 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் கட்சி மாறினால் 10,000 ஓட்டு இங்கே கழிந்து அங்கே கூடும். வித்தியாசம் 20,000 நகர்ந்துவிடும். அதே ஆட்கள் ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் 10,000-தான் நகரும். 65-35 என்று தோற்கும் ஊரில் அதை 63-37 ஆக்கப் பிரசாரக்காரர்கள் படாதபாடு படுவது இதற்காகத்தான்.

எண்ணிக்கை நாளிலும் குழப்பம் உண்டு. நம் ஊரில் தபால் ஓட்டைத்தான் முதலில் எண்ணுவார்கள். விஸ்கான்சினிலோ தேர்தல் நாளுக்கு முன் தபால் உறையைப் பிரிக்கவே சட்டத்தில் இடமில்லை. சிற்றூர்கள் சீக்கிரம் எண்ணி முடித்துவிடும். மில்வாக்கி நகரத்தின் தபால் ஓட்டுகள் ஒரே மையத்தில் எண்ணப்பட்டுக் கடைசியில் மொத்தமாக வரும். 2020-ல் அவை வந்து முன்னிலை கைமாறியபோது சென்னையில் புதன்கிழமை பிற்பகல். காலையில் பார்த்தவர்கள் ‘டிரம்ப் முன்னிலை’ என்றதும், அங்கே சிலர் ‘மோசடி’ என்று கிளப்பியதும் இந்த வரிசையால்தான்.

சிவப்பும் நீலமுமாக மாவட்டவாரியாக அச்சிடும் வரைபடம் நிலப்பரப்பைக் காட்டுமே தவிர, ஓட்டைக் காட்டாது. 2028-ல் அதன் பக்கத்திலேயே இழுபறி மாநிலங்களுக்கு மட்டுமாவது மொத்த ஓட்டு, வெற்றி வித்தியாசம், கிராமப்புறத்தில் சென்ற முறையைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று மூன்று பத்தியில் ஓர் அட்டவணை போட்டால் நன்றாக இருக்கும்.

– வாசகர், நங்கநல்லூர், சென்னை