நிலவியலுக்கும் ஒரு மாலை வகுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சமுதாயக் கல்லூரி என்றாலே கணினி, தையல், ஏசி மெக்கானிக் என்று ஆகிவிட்டது. கடலூர், புதுச்சேரி பக்கம் நிலவியலையும் சேர்க்கலாமே! பாடத்துக்கு வேண்டியதெல்லாம் காலடியிலேயே கிடக்கிறது. கேப்பர் மலையில் மழை அரித்த சரிவைப் பாருங்கள்: செம்மண், தொட்டால் உதிரும் மணற்கல், இடையிடையே ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கற்கள். இந்தக் கடலூர் மணற்கல் அடுக்கில்தான் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். நெய்வேலியிலோ நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும்.

இவ்வளவு இருந்தும், போர் போட இடம் பார்க்க இன்னமும் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டுதான் வயலில் நடக்கிறார்கள். தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீராம்! கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும் காலத்தில் இது போதுமா? மண் அடுக்கையும் நிலத்தடி நீரையும் படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டும்.

ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு, மாலை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை களப் பயணம். ஆரம்பத்துக்கு இது போதும். அப்புறம், பிளஸ் டூவில் அறிவியல் எடுக்காதவர்களையும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்